முதலில் தாம்பூலம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா கெட்ட கனவு கண்டார். கண்டதோடு விட்டிருந்தால் வம்பில்லை. விடிந்ததும் அதைப் பிரதானியிடம் சொன்னார். வினை அங்கே முளைத்தது.

சபையில் இருந்த இருபத்தொரு பேரில் யாரோ ஒருவன் தன் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிப்பதாகக் கனவு. திரும்பிப் பார்த்தால் முகம் தெரியவில்லை. யானைப் படைக்கு அஞ்சாத ராஜா அதிரதவர்மர் அந்தச் சிரிப்பைக் கேட்டு அலறி எழுந்தார். பிரதானி மருதாண்டார் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"விசாரித்தால் துரோகி உஷாராகிவிடுவான், பிரபு. கேட்காமல் நீக்குவதே உத்தமம்."

அந்தச் சபையில் ஒவ்வொருவருக்கும் உட்காரப் பெயர் செதுக்கிய பலாமணை ஒன்று உண்டு. நீக்கப்பட்டவனுடைய மணையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். காலையில் அவன் உள்ளே வருவான். அடிக்கட்டை இரண்டும் மேலே பார்க்க, செத்த ஆமை போல அது கிடக்கும். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள் காவலர் பிடரியில் கை வைத்திருப்பார்கள். அன்றிலிருந்து கோட்டைக்குள் எவனும் அவனுக்குத் தண்ணீர் தரக்கூடாது, நெருப்புத் தரக்கூடாது. மூன்றாம் நாள் அவனே வந்து சபை பார்க்கத் தன் மணையைத் தலையில் சுமந்து போக வேண்டும்.

முதலில் கவிழ்ந்தது, ஏரிகளைக் கவனிக்கும் வாரியர் செங்கோடனின் மணை. என்ன குற்றம்? ராஜத் துரோகம் என்று பறை அறைந்தார்கள். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் செங்கோடனின் மனைவி, விகடகவி ஆவுடையானின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செங்கோடனும் ஆவுடையானும் பத்து வருஷமாக ஒரே பந்தியில் உட்கார்ந்த சிநேகம். ஆவுடையான் கையில் செம்பு இருந்தது. செம்பு நிறையத் தண்ணீரும் இருந்தது. கதவைத் திறக்கவில்லை. அவள் காலடிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு சபைக்குள் நுழைகிறவர்கள் ராஜாவைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்த்தார்கள். இரண்டாவது மணை கவிழ்ந்தது. மூன்றாவது, நான்காவது. ஆவுடையான் விகடம் சொன்னால் இப்போது யாரும் சிரிப்பதில்லை. ராஜாவின் கனவில் வந்ததே சிரிப்பல்லவா. சிரிக்க வைக்கிறவனுக்கு ராஜாவுக்குப் பக்கத்தில் இடமா என்று மருதாண்டாருக்கு நெடுநாள் புகைச்சல் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ஆவுடையான் உள்ளே வந்தான். வழக்கம்போலத் தரையைப் பார்த்தான்.

ஆமை செத்துக் கிடந்தது.

காவலர் இழுத்தார்கள். வாசற்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பிரபு, குற்றம் எது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கெஞ்சினான். பிரதானி கையமர்த்துவதற்குள் ராஜா எழுந்துவிட்டார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"நேற்று முகம் தெரிந்ததடா. ஊர் பார்க்க என் மீசையை மழித்தாய் நீ."

"கனவே சாட்சி. வேறென்ன விசாரணை?" என்றார் மருதாண்டார்.

கோட்டைக்கு வெளியே பனங்காட்டில் செங்கோடன் ஓலைக் குடிசை போட்டிருந்தான். ஆவுடையானும் மனைவி பேச்சியும் தலைகுனிந்து அங்கே போய் நின்றார்கள். செங்கோடன் ஆளே பாதியாகியிருந்தான். உள்ளே அவன் மனைவி இருமிக்கொண்டே கிடந்தாள். நெருப்பில்லாததால் நாலு மாதமாக ஆகாரம் ஊறவைத்த அரிசிதான். செங்கோடன் ஒரு மொந்தையில் ஊற்றுத் தண்ணீரை நீட்டினான்.

ஆவுடையானுக்குக் குடிக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் கதவத் தொறக்கல" என்றான்.

"தெரியும். குடி. வெளிய கெடக்குறவன் வெளிய கெடக்குறவனுக்குக் கொடுக்கலாம். அதுக்குத் தடையில்ல."

"நீ என்னதான் செஞ்ச செங்கோடா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? யாராச்சும் சொன்னாத்தான?" செங்கோடன் பனைமரத்தில் சாய்ந்துகொண்டான். "அதான்யா உயிர எடுக்குது. ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்குறேன். ஒருவேள நெசமாவே எதாவது செஞ்சிருப்பமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

ஆவுடையானுக்காவது தன் குற்றம் இன்னதென்று தெரியும். மீசை. அதையே இரண்டு நாளும் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலையில், பேச்சி பிடித்திழுத்து அழ அழ, ஒரு மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டைக்குப் புறப்பட்டான்.

சபை நிறைந்திருந்தது. மணையைத் தூக்க வந்தவனுக்கு வழிவிட்டார்கள். அவன் மணையைத் தொடவில்லை. நேரே சிம்மாசனத்துக்கு முன்னால் போய், மூட்டையை அவிழ்த்து ஒரு கிண்ணியை வைத்து, குடுக்கையிலிருந்து தண்ணீர் ஊற்றினான். சவரக் கத்தியின் பிடி போல ஒன்று அவன் விரலிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது. கை வெடவெடவென்று ஆடிற்று.

"பிரபு, திருமுகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்தருள வேண்டும்."

பத்து வாள்கள் உறையிலிருந்து வெளியே வந்தன. ராஜாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"என்னடா இது?"

"பந்தியில் சோறு போட்ட பிறகுதான் தாம்பூலம் கொடுப்பார்கள், பிரபு. அடியேனுக்குத் தாங்கள் முதலிலேயே தாம்பூலம் கொடுத்துவிட்டீர்கள். மீசையை மழித்ததற்கான தண்டனையை மூன்று நாள் அனுபவித்தாயிற்று. இன்னும் இலைதான் போடவில்லை. அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

"வெட்டுங்கள் இவனை" என்றார் மருதாண்டார்.

ஆவுடையானின் கழுத்தில் வாள்முனை பட்டது. அசையாமல் நின்றபடி பேசினான்.

"வெட்டலாம், பிரதானியாரே. எந்தக் குற்றத்துக்கு என்று சொல்லிவிட்டு வெட்டுங்கள். மீசையை மழித்ததற்குத்தான் தண்டனை ஆகிவிட்டதே. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை உண்டா?"

"அட மூடா, நீ எங்கேயடா மழித்தாய்? மகாராஜாவின் மீசை மகாராஜாவிடம் அப்படியே இருக்கிறது!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று மருதாண்டாருக்கு உறைத்தது. ராஜா மீசையின் இந்த நுனியைத் தொட்டார். அந்த நுனியைத் தொட்டார்.

"இருக்கிறதே" என்றார் மெதுவாக. "அப்படியானால் இவனை எதற்கு நீக்கினோம்? கேட்காமல் நீக்கச் சொன்னது நீர்தானே?" அவர் முகம் கறுத்தது. "கவிழ்த்துங்கள் பிரதானியின் மணையை."

இரண்டு காவலர் பாய்ந்தார்கள். மருதாண்டார் வெளிறிய முகத்தோடு மணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை ஆவுடையானுக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் அது அவன் முகம். பேசாமல் நின்றிருந்தால் போதும், பழி தானே தீர்ந்துவிடும். அவன் நாக்குதான் அடங்கவில்லை.

"பிரபு, அவரையும் கேட்டுவிட்டு..."

"உன்னைப் பனங்காட்டுக்கு அனுப்பியவனுக்கா பரிந்து பேசுகிறாய்?"

"பரிவில்லை, பிரபு. பயம். கேட்காமல் மணையைப் புரட்டிப் பழகிய கை இங்கே இருபத்தொன்றோடு நிற்காது. எல்லா மணையும் தீர்ந்த பிறகு அதன் கண்ணில் எது படும்?" அவன் பார்வை சிம்மாசனத்தின் கால்களில் விழுந்தது. "அதுவும் மரம்தானே."

வாள்முனை கழுத்தில் இன்னும் அழுந்தியது. ஒரு சொட்டு ரத்தம் இறங்குவதை அவன் உணர்ந்தான். முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கையில் கத்தி இருக்கிற தைரியமா?" ராஜாவின் குரல் பக்கத்தில் கேட்டது.

ஆவுடையான் கையை விரித்தான். பனைமட்டை. செங்கோடனின் குடிசை வாசலில் உட்கார்ந்து அவன் இரண்டு நாளாகக் கல்லில் தேய்த்துச் செதுக்கியது. அலகே கிடையாது.

"நீக்கப்பட்டவனுக்குக் கோட்டைக்குள் கத்தி யார் தருவார்கள், பிரபு? நெருப்பே தரவில்லை."

ராஜா அந்த மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பனைமட்டைக்குப் பத்து வாள் உருவியிருந்தார்கள். ஒரு கனவுக்கு ஐந்து மணை கவிழ்ந்திருந்தது. அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்றுதான் சபை பயந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. மீசை துடிக்கத் துடிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பிரதானியைக் கேட்டார்கள். குற்றம் இன்னதென்று சொல்லி, பேசவும் விட்டார்கள். மத்தியானம்வரை பேசினார். அடுத்தவன் மணை கவிழாவிட்டால் தன் மணை கவிழுமோ என்ற பயத்தில்தான் செய்தேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். சபை கூடிப் பதவியை எடுத்தது, மணையை விட்டுவைத்தது. முன்பு கவிழ்ந்த மற்ற மணைகளுக்கும் ஒவ்வொன்றாக விசாரணை என்று முடிவாயிற்று.

ராஜா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து ஆவுடையானுக்குப் போர்த்தினார். வேறென்ன வேண்டும் என்று கேட்டார். தாங்கள் நீர் அருந்தும் செம்பு நிறையத் தண்ணீரும், அடுக்களையிலிருந்து ஒரு சட்டி நெருப்பும் என்றான் அவன்.

ராஜா மறுபடி சிரித்துவிட்டுக் கொடுத்தனுப்பினார்.

சால்வை கழுத்து ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, செம்பு ஒரு கையும் நெருப்புச்சட்டி ஒரு கையுமாக, பட்டப்பகலில், கோட்டை வாசல் வழியாக, ஆவுடையான் பனங்காட்டைப் பார்த்து நடந்தான். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.