சேவலை எழுப்பிய ராபர்ட்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சேவல்கூடப் பேசும். மனிதர்களுக்குத்தான் ஆளுக்கு ஒரே பெயர். அதிலும் ஒரு கிராமத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ராபர்ட்மேல்தான் விழ வேண்டும். ஒருவனைக் கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும்.

பாதிரியாருக்கு அலுத்துவிட்டது. "ஊர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுதோ, அதுதான் இனி உன் குடும்பப் பெயர். அது இல்லாதவனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன்" என்றார். இரும்படித்த ராபர்ட் ஸ்மித் ஆனான். மாவரைத்தவன் மில்லர் ஆனான்.

மிச்சம் ஒரு ராபர்ட். எடித் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தவன். ஓடையோரம் குடியிருந்தான், ஓடைக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? சேவலுக்கு முன்னால் எழுகிறவன் என்று ஊர் சொல்ல வேண்டுமாம்!

எழுந்தால் போதுமா, நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? விடியுமுன்பே வீடு வீடாகக் கதவைத் தட்டினான்.

"நான் எழுந்துட்டேன், பார்த்தீங்களா?"

"போய்ப் படு!" என்று உள்ளேயிருந்து கத்தினார்கள்.

கடைசியில் கூண்டுக்குப் போய்ச் சேவலையே உலுக்கினான். "அடேய், விடியறதைச் சொல்றது என் வேலைடா. போய்ப் படு!" என்று அதுவும் சீறியது.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். சொன்னால் காதில் ஏறினால்தானே!

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் கேட்டார்: "இவனை என்னன்னு கூப்பிடறீங்க?" ராபர்ட் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்த ஊர் ஒரே குரலில் கத்தியது: "கோ டு பெட்!" போய்ப் படு என்பதற்கு அவர்கள் பாஷையில் அதுதான். ஜன்னலில் உட்கார்ந்திருந்த சேவலின் குரல்தான் எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்டது.

பாதிரியார் சொன்னால் சொன்னதுதான். கோடுபெட் என்றே பெயர் விழுந்தது. ராபர்ட் அழாத குறையாக எடித் பக்கம் திரும்பினான்.

"எடித், இந்தப் பேரோட என்னைக் கட்டிக்குவியா?"

எடித் தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படியும் காலம் பூரா உங்கிட்ட இதைத்தான் சொல்லப் போறேன். பேராவே இருந்துட்டுப் போகட்டும். வா."

இப்படியொரு பேர்க்காரனைக் கட்டிக்கொள்ள எல்லாப் பெண்களுக்கும் எடித்தின் பொறுமை வாய்க்குமா? அதனால்தான் அன்று முதல் கோடுபெட் என்ற பெயர் அந்த நாட்டில் அத்தி பூத்தாற்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது; சேவல்களும், எவனாவது முந்திக்கொள்வானோ என்ற பயத்தில், இருட்டிலேயே கூவி நம் தூக்கத்தைக் கெடுக்கின்றன.