மடிக்குள் ஆவுளியா

"சாளை மீனு வந்துருச்சு!" என்று கரை முழுக்க ஒரே கூச்சல்.

மழைக்காலம் முடிந்தும் கடல் கையை விரித்தே கிடந்ததில், சம்மாட்டி களஞ்சியத்துக்குச் சோறு இறங்காமல் இருந்தது. கரைவலை அவருடையதுதான். ஆனால் இழுக்கிற கைகள் ஊராருடையவை. வலைக்கோடியில் மீன் சேரும் மடி இன்றைக்கும் வெறுமையாக வந்தால், அந்தக் கைகள் நாளைக்கு அடுத்த சம்மாட்டியின் கயிற்றைத் தேடிப் போய்விடும்.

கயிறு கனத்தது. கனமென்றால் அப்படியொரு கனம்! வலையின் இரு பக்கக் கயிற்றிலும் இரண்டு வரிசையாக ஆணும் பெண்ணுமாகக் குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு இழுத்தார்கள். ஒரு வரிசையின் முன்னால் நின்றவள் சாமியம்மா. கரையோரக் குடிசையில் தனியாக இருக்கும் துறவி. வயதில் இளையவள்தான், ஆனாலும் களஞ்சியம் அவளைத்தான் குருவாக வரித்திருந்தார். உழைக்காமல் சாப்பிட மாட்டேன் என்று அவளும் தினம் கயிறு பிடிக்க வந்துவிடுவாள்.

"அம்மா, பாத்தீங்களா? கடலம்மா கண்ணைத் தொறந்துட்டா!"

"கயிறு நம்மளை இழுக்குதே, சம்மாட்டியாரே."

"அம்புட்டு மீனும்மா!"

கனம் கூடினால் மீன் கூடுகிறது என்பதுதான் அந்தக் கரையின் கணக்கு. களஞ்சியம் குஷியில் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, தானும் கயிற்றில் தொங்கினார். "விடாதீங்கப்பா! இழுங்க!"

அப்போதுதான் வலையின் மேல்விளிம்பு மிதப்புகளுக்கு நடுவே தண்ணீர் வெடித்தது. பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய மூக்கு எழும்பி, புஸ்ஸென்று மூச்சு விட்டு முங்கியது. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு மூக்கு.

"ஆவுளியா!" என்று கத்தினான் நம்பு, வரிசையில் இரண்டாவதாக நின்றவன். "குட்டியோட மாட்டிருக்கு!"

களஞ்சியம் சாமியம்மா பக்கம் திரும்பினார். ஆவுளியா என்கிற கடல்பசு மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் தாயும் குட்டியும் மடிக்குள் போய்விடும். போனால் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான்.

"அம்மா, வலையத் தாழ்த்துனா மீனும் சேந்து போயிரும். தாழ்த்தாட்டி ரெண்டு உசுரு போயிரும். ஊரே என் மூஞ்சியப் பாக்குது. நான் என்னம்மா செய்ய?"

சாமியம்மா கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் தடுமாறினார்கள். களஞ்சியம் அவள் வெறுங்கையைப் பார்த்தார்.

"விடுங்கப்பா! கயித்த விடுங்க!"

"சம்மாட்டிக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று யாரோ கேட்கும்போதே அவர் கடலுக்குள் பாய்ந்திருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நம்புவும் பாய்ந்தான். இருவரும் நீந்திப் போய் மிதப்புக் கயிற்றின் மேல் குப்புற விழுந்து அமுக்கினார்கள்.

தாய் ஒரே வீச்சில் தாண்டியது. அதன் வால் பட்டு நம்பு தூரப் போய் விழுந்தான். ஆனால் குட்டி உள்ளேயே நின்றுவிட்டது. தாய் போகவில்லை. திரும்பி வந்து வலைக்கு வெளியே வட்டமடித்தது.

"வா தாயி, வா!" களஞ்சியம் வலைக்குள் புகுந்து, குட்டியின் வழுவழுவென்ற முதுகில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நம்பு மறுபடி வந்து கயிற்றை அமுக்கினான். குட்டி தாண்டியது! கூடவே வெள்ளிக்காசைக் கொட்டினாற்போல் சாளையும் ஓடியது. உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே களஞ்சியம் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ஊர் பார்த்ததில்லை.

வலை கரைக்கு வந்தபோது பாதி மடி மீன்தான் இருந்தது. சிரிப்பும் போய்விட்டது.

"முழு மடி மீனு," என்றான் ஈரம் சொட்டச் சொட்ட நின்ற நம்பு. "எங்க பங்கையில்ல சம்மாட்டி கடல்ல கொட்டிட்டாரு?"

"என் வலைப் பங்கையும் சேத்து எடுத்துக்கங்க."

"அதுலயும் ஈடு கட்டாதே. போன மீனு யாரு கணக்கு?"

களஞ்சியம் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்பு," என்றாள் சாமியம்மா. "கயிறு இழுத்தவுக எல்லாருக்கும் பங்கு உண்டுதான?"

"அதுல என்ன சந்தேகம்? வழிப்போக்கன் வந்து ஒரு கை புடிச்சாலும் உண்டு."

அவள் தன் பங்குச் சாளையை முந்தானையில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஆவுளியாவும் இழுத்துச்சே. அந்தப் பக்கமா."