முட்டிக்குக் கீழே ஒரு காது

சென்னியப்பனுக்குக் காது கேட்காது. இந்தச் சங்கதி மடத்தில் யாருக்கும் தெரியாது என்று ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

முப்பது வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் காது போயிற்று. ஆனால் தறி ஓடும்போது அங்கே யார் காதை நம்புகிறார்கள்? எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அந்த வித்தையோடு மடத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். உதடு பிடிபடாத இடத்தில் தலையாட்டிவிடுவார்.

குரு ஞானாம்பாள் அவரைவிட இருபது வயது இளையவர். மறுநாள் காலை சென்னியப்பனுக்கு உபதேசம். இருவர் தலைக்கும் சேர்த்துத் துணி போர்த்தி, வலது காதில் ஒரே ஒரு தடவை மந்திரம் ஓதுவார். மறுபடி கேட்டால் கிடையாது. ஆறு வருஷம் காத்திருந்தது இதற்காகத்தான். காதோடு வாய் வைத்து ஓதினால் உதட்டை எப்படிப் பார்ப்பது? மனுஷனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த குருவிடம் போனார்.

"ஒரு சந்தேகமுங்கம்மா. என் சிநேகிதர் ஒருத்தருக்குக் காது கேக்காது. அவருக்கெல்லாம் உபதேசம் உண்டுங்களா?"

குரு கீரைத்தண்டில் இருந்த பச்சை வெட்டுக்கிளியைக் காட்டினார். உடம்பைவிட மீசை நீளம் அதற்கு.

"இதுக்குக் காது எங்கே, சொல்லுங்க."

சென்னியப்பன் குனிந்து அதன் தலையில் தேடினார். "காணமுங்களே."

"முன்னங்காலைப் பாருங்க. முட்டிக்குக் கீழே."

நகம் பட்டாற்போல் ஒரு சின்னக் கீறல் தெரிந்தது.

"அதுக்குள்ளேதான் செவிப்பறை. மீசை குட்டையா இருக்கிற இனத்துக்கு வயித்தோரத்திலே இருக்கும். உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க."

கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சென்னியப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டது என்ன, காட்டியது என்ன?

மறுநாள் துணி போர்த்தியாயிற்று. வலது காதோரம் மூச்சுக்காற்று பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. மூச்சு விலகியது. ஆறு வருஷமும் போச்சு என்று நினைத்தார்.

கண்ணைத் திறந்தால் எதிரே குருவின் முகம். துணி வழியாக வந்த வெளிச்சத்தில் உதடு தெரிந்தது.

"கேட்டுதா?"

தலை தன்னால் ஆடப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் சென்னியப்பனுக்கு வேர்த்துவிட்டது.

"கேக்கலீங்கம்மா. சிநேகிதர்னு சொன்னது பொய். எனக்குத்தான் காது கேக்காது. நீங்க சொன்னதிலே பாதிக்குச் சும்மா தலையாட்டினேன்." அழுகை வந்துவிட்டது. "ஒரு தடவைதான் சொல்வீங்கன்னு தெரியும். நான் கிளம்பறேனுங்க."

எழப் போனவரின் தோளைக் குரு அழுத்தி உட்கார வைத்தார். விபூதித் தட்டில் சுட்டுவிரலைத் தொட்டுக்கொண்டு, அவர் பார்க்கும்படி நிதானமாக உதட்டை அசைத்தார்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. முன்னங்காலை நீட்டுங்க, எழுதணும்."