பூதம் வாயைத் திறந்தது

குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் இல்லை.

சீடர் பெயர் ஜெபமணி. இருபத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்து, தன்னந்தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்ய ஆரம்பித்தார். சாகச விளையாட்டு. பெயர் ‘உப்பளத்துப் பூதம்’. நிரல் எழுதுவதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். படங்களை அவரே வரைந்தார். இசைக்கு மட்டும் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தார்.

குரு பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு பஜ்ஜிக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து கேம்களுக்கு ட்ரெய்லர் வெட்டிக் கொடுப்பவர். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வேலை வரும். தொழிலில் இருப்பவர்கள் அவரை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ வாத்தியாரான ஜெபமணியும் அப்படியே கூப்பிட்டார். குரு பதிலுக்கு அவரை ‘சார்’ என்றார். கீழே பஜ்ஜி போடும் பேச்சியம்மாளுக்கு இவர்களில் யார் வாத்தியார் என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

முதலில் போனில்தான் பேசினார்கள்.

“ஒத்தையாளா கேம் செஞ்சவங்களுக்குன்னு இணையத்துல ஒரு திருவிழா நடத்துறாங்க, வாத்தியாரே. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள முன்னோட்டத்த ஏத்தணும். தொண்ணூறு வினாடிக்கு மேல கூடாது. ஆளுங்க அதப் பாத்துட்டு, பிடிச்சா கேமை விருப்பப் பட்டியல்ல சேப்பாங்க. பட்டியல்ல ஆள் சேரலன்னா அப்புறம் ஒருத்தனும் நம்மளத் தேட மாட்டான். நாலு வருசம் பூதத்தோட கெடந்துட்டேன். இது போச்சுன்னா அது என் மாடியிலயே கெடக்க வேண்டியதுதான்.”

குருவிடம் இரண்டு மாத வேலை குவிந்து கிடந்தது. முடியாது என்று சொல்லத்தான் இருந்தார். பேச்சுக்குக் கேட்டார்.

“கேம் பேரு என்ன சார்?”

“உப்பளத்துப் பூதம்.”

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு தட்டல் நின்றது.

“லைன் போயிட்டோ?”

“இல்ல சார். உங்க பேரு?”

“ஜெபமணி.”

“நாளைக்கே வாங்க சார்.”

மறுநாள் புதன்கிழமை. சீடர் தான் செய்து கொண்டுவந்த முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினார். நாலு நிமிடம் பத்து வினாடி ஓடும் சரக்கு.

திரையில் மஞ்சள் எழுத்தில் ‘முன்னுரை’ என்று வந்தது. அதற்குக் கீழே கோடு வேறு. “முத்து விளைந்த கடலும் உப்பு விளையும் நிலமும் ஒருங்கே அமைந்த தென்கடற்கரையிலே…” என்று ஜெபமணியின் குரல் முழங்கியது. பிறகு ‘பொருளுரை’. உப்பளத்தில் வேலை பார்க்கும் முத்துக்கனி என்ற பெண். எத்தனை மூட்டை அள்ளினாலும் குறையாத ஒரு உப்புக் குவியல். அவள் அதைத் தோண்டுகிறாள். உள்ளே ஒரு வெள்ளைப் பூதம் உட்கார்ந்திருக்கிறது. புருவத்தில்கூட உப்புப் பூத்திருக்கிறது. பூதம் வாயைத் திறந்தது.

குரு படத்தை நிறுத்தினார்.

“டீ சாப்பிடலாம் சார்.”

“இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு. முடிவுரையே வரல.”

“டீ ஆறிரும். வாங்க.”

கீழே போனார்கள். குரு, பேச்சியம்மாளைக் காட்டி, “அக்காட்ட உங்க ட்ரெய்லரக் காட்டுங்க சார்” என்றார்.

“இவங்களுக்குக் கேமெல்லாம்…”

“மிட்டாய் அடுக்குற கேம்ல ஆயிரத்து இருநூறு கட்டம் தாண்டியிருக்காங்க.”

ஜெபமணி பணிந்து போனை நீட்டினார். பேச்சியம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். குரு என்ன செய்தார் என்றால், எதிர்ச்சாரிக்குப் போய், முதுகைக் காட்டி நின்று, பஞ்சர் ஒட்டுவதை வேடிக்கை பார்த்தார். நாலு நிமிடமும் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

“எப்படிக்கா இருக்கு?”

“அருமையா இருக்கு. பூதத்தப் பாத்தா பாவமா இருக்கு. கடைசில அந்தப் பிள்ளை போயி…”

“அத விடுங்கக்கா. கேம் வந்தா விளையாடுவீங்களா?”

“எதுக்கு? அதான் பாத்தாச்சுல்லா.”

ஜெபமணிக்கு ‘அருமை’ என்ற சொல் மட்டும்தான் மனதில் நின்றது. பதினெட்டு வயதுப் பையன் மாதிரி முகம் மலர்ந்து நின்றார்.

“கேட்டீங்களா வாத்தியாரே? அருமைங்காங்க!”

“கடைசி வார்த்தையக் கேட்டீங்களா சார்?”

“பாத்தாச்சுன்னாங்க.”

“அதேதான்” என்று சொல்லிவிட்டு குரு பஜ்ஜியைக் கடித்தார்.

வியாழக்கிழமை ஜெபமணி புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். சரியாகத் தொண்ணூறு வினாடி. தலைப்புகளை எடுத்துவிட்டார். மற்ற எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகமாக ஓட்டியிருந்தார். முத்துக்கனி ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி மூட்டை தூக்கினாள். ‘பயங்கரம்! திகில்! சாகசம்!’ என்று சிவப்பு எழுத்துகள் வந்து வந்து மோதின. குரல், தேர்தல் ஜீப்பில் ஓட்டுக் கேட்கிற குரலாகிவிட்டிருந்தது. பூதம் வாயைத் திறந்தது.

குரு நிறுத்தினார்.

ஜெபமணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“வாத்தியாரே, நேத்தும் இதே எடத்துல நிறுத்துனீங்க. முழுசாப் பாக்காமத் திருத்துறது என்ன நியாயம்? ஆளுக்கு முப்பது பக்கம் எழுதியிருந்தாலும் நான் கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துத்தான் மார்க் போடுவேன்.”

“நீங்க பாப்பீங்க சார். நான் பாக்க மாட்டேன்.”

“ஏன்?”

“பாக்க மாட்டேன்.”

கீழே போய்ப் பேச்சியம்மாளிடம் காட்டினார்கள். குரு பஞ்சர் கடைக்குப் போய்விட்டார். எண்ணெயில் கிடந்த வாழைக்காய் பஜ்ஜியைத் திருப்பிப் போடும் முன்னாலேயே, “பாத்தாச்சு” என்று சொல்லிப் பேச்சியம்மாள் போனைத் திருப்பித் தந்தார்.

ஜெபமணி பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் போய்க் கவலை வந்திருந்தது.

“நான் கேக்கேன். ஒரு முன்னோட்டம் என்னதான் செய்யணும்?”

குரு அடுப்பைப் பார்த்தார். மாவில் முக்கிய மிளகாய் எண்ணெயில் விழுந்தது. வாசனை தெருவரை போனது.

“நேத்து டீ குடிக்க வந்த உங்கள அடுப்புப் பக்கம் இழுத்தது யாரு சார்? நான் இல்ல. இந்த வாசனை. வாசனையில வயிறு நிறைஞ்சுதா?”

ஜெபமணி யோசித்தார். தமிழாசிரியர் அல்லவா.

“உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னென்ன பஜ்ஜி, என்ன வெலைன்னு தட்டியில பூராவும் எழுதிப் போட்டிருக்காங்களே?”

குரு சிரித்துவிட்டார். பேச்சியம்மாளும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

வெள்ளிக்கிழமை மத்தியானம், குரு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“பூதம் வாயத் திறக்கிற எடத்துக்குப் பிறகு இருக்கிறதப் பூராவும் நீங்களே வெட்டி எறிஞ்சுட்டு, மீதிய மட்டும் எங்கிட்டத் தாங்க.”

“பூராவுமா?”

“பூராவும்.”

ஜெபமணி தன் லேப்டாப்பில் வெட்டினார். வெட்டும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்கிறவர் அப்படித்தான் திரும்புவார்.

குரு மூன்று மணி நேரம் வேலை செய்தார். முதலில் குரலை எடுத்தார். பிறகு சிவப்பு எழுத்துகளை எடுத்தார். ஆர்கன் இசையில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது முத்துக்கனி மெதுவாக ஒரு மூட்டை அள்ளிப் போகிறாள். திரும்பி வருகிறாள். குவியல் அப்படியே இருக்கிறது. இன்னொரு மூட்டை. குவியல் அப்படியே இருக்கிறது. அவள் நின்று அதைப் பார்க்கிறாள். தோண்டுகிறாள். உப்புக்குள் ஒரு கண். உப்புப் பூத்த புருவம். பூதம் வாயைத் திறக்கிறது. திரை இருட்டாகிறது. கேமின் பெயர், வெளியாகும் நாள்.

ஐம்பத்திரண்டு வினாடி.

“அவ்வளவுதானா?” என்றார் ஜெபமணி. “தொண்ணூறு குடுத்திருக்காங்க. முப்பத்தெட்டு சும்மா கெடக்கே.”

“கெடக்கட்டும் சார்.”

பேச்சியம்மாளுக்கு முடிவு தெரியும் என்பதால் இன்றைக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. கடைக்குச் சிலிண்டர் போட வந்தவர் அகப்பட்டார். சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே குனிந்து போனைப் பார்த்தார். முடிந்ததும் திரையைக் கட்டைவிரலால் தட்டினார்.

“நின்னு போச்சு, அண்ணாச்சி.”

“நிக்கல. அவ்வளவுதான்” என்றார் ஜெபமணி, அவமானத்தோடு.

“அதெப்படி? அது என்ன சொல்லுச்சு?”

“எனக்குத் தெரியும்” என்றார் பேச்சியம்மாள். “சொல்ல மாட்டேன்.”

“அக்கா, சொல்லுங்க!”

“வாயத் தொறக்காதீங்கக்கா” என்றார் குரு அவசரமாக.

சிலிண்டர்காரர் சிலிண்டரை இறக்கினார். காலியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். அங்கே நின்றார். திரும்பி வந்தார்.

“நல்ல பூதமா, கெட்ட பூதமா? அதையாவது சொல்லுங்க.”

ஒருவரும் சொல்லவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, முனகிக்கொண்டே போனார்.

ஜெபமணிக்குச் சந்தோஷம் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆனால் மாடிப்படி ஏறுவதற்குள் அது வடிந்துவிட்டது. மணி நாலே முக்கால். லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். திருவிழாவின் பக்கம் திறந்திருந்தது. ஐம்பத்திரண்டு வினாடியும் தயாராக இருந்தது. தொண்ணூறு வினாடியும் பக்கத்திலேயே இருந்தது. கை இரண்டுக்கும் நடுவில் நின்றது.

“வாத்தியாரே, அவரு இன்னைக்குக் கேக்காரு. கேம் வர இன்னும் ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள எத்தனை வீட்டுக்குச் சிலிண்டர் போடுவாரு! முடிவுரை இல்லாத கட்டுரைய ஆறு மாசம் யாரு மனசுல வெச்சுக்கிட்டு இருப்பா? எனக்குப் பயமா இருக்கு. எல்லாத்தையும் சொல்லுற பழசையே ஏத்திருதேன்.”

குரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

“ஒரு கதை சொல்லுதேன் சார்.”

“இப்பவா? பதினஞ்சு நிமிசம்தான் இருக்கு.”

“சின்னக் கதைதான். ஒரு பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு, பி பிரிவு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். தமிழ் சார் பாடத்த முடிச்சிட்டாரு. நேரம் மிச்சம் இருக்குன்னு ஒரு கதை சொன்னாரு. ஒரு உப்பளம். எவ்வளவு அள்ளுனாலும் குறையாத உப்பு. ஒரு பிள்ளை அதத் தோண்டுது. உள்ள பூதம்.”

ஜெபமணியின் கை மௌசை விட்டு இறங்கியது.

“பூதம் வாயத் திறந்துச்சு. மணி அடிச்சுட்டு. மிச்சத்தத் திங்கக்கிழமை சொல்லுதேன்னு சொல்லிட்டு, சார் குடைய எடுத்துட்டுப் போனாரு. திங்கக்கிழமை வேற சார் வந்தாரு. தமிழ் சாருக்கு மாறுதல் வந்துட்டுன்னாங்க.”

“நீ எந்த பெஞ்சு?” என்றார் ஜெபமணி.

“கடைசி பெஞ்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது சார்.”

“இல்ல. இல்லதான்.”

“ஆறு மாசம் யாரு மனசுல வெச்சுக்கிட்டு இருப்பான்னு கேட்டீங்கல்லா?” என்றார் குரு. “எனக்குப் பதினேழு வருசம் ஆச்சு சார்.”

ஜெபமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வினாடியைத் தேர்ந்தெடுத்து, ஏற்று என்ற பொத்தானை அழுத்தினார். பட்டை மெல்ல நகர்ந்தது. நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது.

“ஏல, இத மொதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா மொதல் நாளே முடிவச் சொல்லியிருப்பீங்க.”

அது உண்மை. ஜெபமணி அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சுப் பையனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இத்தனை வருடம் ஒரு பிள்ளையைக் காக்க வைத்துவிட்டோமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வகுப்பில் உட்காருவது போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேளுல. அந்தப் பூதம் என்ன கேட்டுதுன்னா…”

வாயைத் திறந்தார்.

குரு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“மணி அடிச்சுட்டு சார்! மிச்சத்த நான் விளையாடிப் பாத்துக்கிடுதேன்.”