ஹுவான் பெரெஸும் கனகசபையின் ஆடும்

ஓலையனூரில் எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. படித்தோம். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்கள் வாசகர் வட்டத்துக்குச் செயலாளர் கனகசபை. ஊரிலேயே விவரமான ஆள் என்று அவருக்கு நினைப்பு. மற்றவர்களைப் பார்த்த பிறகு அது தப்பென்றும் சொல்ல முடியாது. ஒருமுறை டவுனிலிருந்து வந்து பேசிய பேராசிரியர் ஒருவர், "ஓர் எழுத்தாளரை எடுத்தால் அவருடைய எல்லாப் புத்தகங்களையும் வரிசையாகப் படியுங்கள். நடுவில் தாவாதீர்கள். படித்ததை வாழ்க்கையில் கடைப்பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நடமாடும் நூலக வண்டி வந்தபோது கனகசபை ஏறித் தேடினார். ஹுவான் பெரெஸ் என்ற ஸ்பானிஷ் பெயர் போட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் நான்கு கிடைத்தன. ஒன்று சமையல் புத்தகம், ஒன்று காதல் நாவல், ஒன்று மௌனத்தைப் பற்றி, ஒன்று ஆட்டு வைத்தியம். நான்கையும் அள்ளிக்கொண்டு வந்தார்.

பின்னட்டைகளைப் பார்த்த தலைவர் திருவேங்கடம் யோசனையில் ஆழ்ந்தார்.

"கனகு, சமையல் புஸ்தகத்துல ஆளு குண்டா மீசையோட இருக்காரு. நாவல்ல சுருட்டை முடி. மௌனத்துல தாடி. ஆட்டு வைத்தியத்துல ஒல்லியா, வழுக்கை."

"சமைக்கும்போது சாப்பிட்டிருப்பாரு தலைவரே. ஆடு மேய்ச்சதுல இளைச்சிருப்பாரு."

தையல்கடை பாக்கியத்தம்மாள் சமையல் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இவரு செத்து ரொம்ப வருஷமாச்சுன்னு போட்டிருக்கு. மௌனப் புஸ்தகம் போன வருஷம்தான எழுதிருக்காரு?" என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்த பிறகுதாம்மா மௌனத்தைப் பத்தி எழுத முடியும். அனுபவம் வேணுமில்ல."

எல்லோரும் தலையாட்டினோம்.

இந்த நேரம் பார்த்து கனகசபையின் வெள்ளாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. அந்த வீட்டின் காலைக் காபியே அதன் பாலில்தான் நடந்தது. ரெண்டு நாளாகத் தழையை மோந்துகூடப் பார்க்கவில்லை. கனகசபைக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆட்டு வைத்தியம் கையிலயே இருக்கே" என்றாள் பாக்கியத்தம்மாள்.

"அது நாலாவது புஸ்தகம்க்கா. தாவக்கூடாது" என்றார் கனகசபை, அதை மற்ற மூன்றுக்கும் அடியில் வைத்தபடி.

ஆகவே வட்டம் அவர் வீட்டு முற்றத்தில் கூடி, முதலிலிருந்து தொடங்கியது. சமையல் புத்தகத்தின் முதல் பக்கம் ஆட்டைப் பற்றியே இருந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. எலுமிச்சைச் சாறும் மிளகும் தடவச் சொல்லியிருந்தது. தடவினோம். ஆடு எங்களை ஒருமாதிரி பார்த்தது.

"உப்பு தேவையான அளவுன்னு இருக்கே. யாருக்குத் தேவையான அளவு?" என்றார் தலைவர்.

"ஆட்டுக்குத்தான். அதுகிட்டயே விட்ருவோம்" என்று கனகசபை ஒரு தட்டு உப்பை அதன் முன்னால் வைத்தார். ஆடு கொஞ்சம் நக்கியது.

மிதமான சூட்டில் வைத்து அவ்வப்போது புரட்டிப் போடவும் என்றிருந்தது. காலை வெயில் மிதமாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு காலைப் பிடித்து இடமும் வலமுமாகப் புரட்டினோம். கடைசியில், பரிமாறவும் என்று இருந்ததால் வாழையிலை விரித்து ஆட்டைத் தூக்கி அதன்மேல் படுக்க வைத்தோம். வாழையிலையை ஆடு கடிக்கக்கூட இல்லை. நோய் முற்றிவிட்டதென்று கனகசபை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது நாவல். அதில் நாயகன் நாயகியின் கையைப் பிடித்து, 'நீ இல்லாமல் எனக்கு விடியாது' என்கிறான். கனகசபை ஆட்டின் முன்னங்காலைப் பிடித்தார். அவருக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. "நீ இல்லாம எனக்கு விடியாது" என்று சொல்லி அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

வாசலில் அவர் மனைவி வடிவு நின்றிருந்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து எங்கிட்ட ஒருதடவை இப்படிச் சொன்னதுண்டா?"

"இது வைத்தியம் தங்கச்சி" என்றார் தலைவர்.

"எனக்கும்தான் ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மூன்றாவது மௌனம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், என்ன சத்தம் கேட்டாலும் திறக்காதீர்கள், வருவது வரட்டும், போவது போகட்டும் என்றிருந்தது. வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடினோம். கொஞ்ச நேரத்தில் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு நறநறவென்று மெல்லுகிற சத்தம். யாரும் திறக்கவில்லை. எங்களுக்கும் ஒழுக்கம் உண்டு.

கண்ணைத் திறந்தபோது ஆட்டு வைத்தியப் புத்தகத்தில் அட்டை மட்டும்தான் மிச்சம். ஆடு எழுந்து நின்று, வாலை ஆட்டியபடி மௌனத்தின் மேல் வாய் வைத்துக்கொண்டிருந்தது.

கனகசபை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "பாருங்க தலைவரே. வைத்தியத்தை நாம படிக்கணும்னு நெனச்சிருந்தோம். நோயாளி தானே படிச்சிக்கிருச்சு."

நூலக வண்டி மறுபடி வந்தபோது, வண்டிக்காரர் அட்டையையும் கடிபட்ட மௌனத்தையும் புரட்டிப் பார்த்தார். கனகசபை பெரெஸின் பெருமையை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, இவங்க நாலு பேரும் வேற வேற ஆளு. அந்தப் பக்கம் இந்தப் பேரு தெருவுக்குத் தெரு இருக்கும்."

வண்டி போன பிறகு முற்றத்தில் கூடி யோசித்தோம்.

"அப்போ ஒரே பேரா வச்சுக்கிட்டா ஆளாளுக்குப் புஸ்தகம் எழுத வருது போல" என்றார் தலைவர் கடைசியில். "நம்ம ஊர்ல ஏன் ஒரு எழுத்தாளனும் வரலைன்னு இப்பத்தான் புரியுது. இங்க ஆளுக்கொரு பேரு."

அன்றே தீர்மானம் நிறைவேறியது. தலைவர், பாக்கியத்தம்மாள் உட்பட வட்டத்தில் அத்தனை பேரும் கனகசபை என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். எந்த மாற்றமும் தேவைப்படாத கனகசபைக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதத் தொடங்குவதற்காக எல்லோரும் பேனாவோடு கூடினோம். தலைவர் எழுந்து, வந்திருப்பவர்களின் பெயரைக் கேட்டார். கனகசபை என்றோம், ஒருவர் பாக்கியில்லாமல்.

தலைவர் முகம் வாடிவிட்டது. ஊரே திரண்டு வருமென்று எதிர்பார்த்தால் ஒரே ஒருத்தர்தான் வந்திருக்கிறார், ஒருத்தரை வைத்துக்கொண்டு என்ன கூட்டம் நடத்துவது என்று சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைத்தார். வராதவர்களைத் திட்டிக்கொண்டே நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தோம்.