மயில் இறங்காத பாறை

மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசி, நம்மைப் போலவே பயந்துகொண்டும் இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில் ஏழு குரல்கள் குடியிருந்தன. அடிவாரப் பாறையில் மயில். அவள் குரல் ‘ஸ’. அவளுக்கு மேலே காளை. அவன் குரல் ‘ரி’. அப்படியே ஏறிப் போனால் ஆட்டுக்கு ‘க’, அன்றில் பறவைக்கு ‘ம’, நடுமலை வேம்பில் இருந்த குயிலுக்கு ‘ப’, குதிரைக்கு ‘த’. எல்லோருக்கும் மேலே, உச்சிக்கு ஓர் எட்டு கீழே, யானைக்குட்டி. அதன் குரல் ‘நி’.

அந்த மலையில் மேலே ஏறினால் குரலும் ஏறும், கீழே இறங்கினால் குரலும் இறங்கும். ஆண்டவன் அப்படித்தான் வைத்திருந்தான். மேகம் வந்து மூடிவிட்டால் தன் கால் தனக்கே தெரியாத இடம் அது. அப்போது மயில் தன் பாறையில் நின்று குரல் கொடுப்பாள். மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். இரண்டு குரலும் ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்து கலந்தால், அவரவர் இடத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். சேராமல் உரசி, சோற்றில் கல் கடிபட்டதுபோல உடம்பு கூசினால், வழி தவறிவிட்டது என்று அர்த்தம். குரல் சேருகிற வரைக்கும் தட்டித் தடவி நகர வேண்டும்.

வழி தவறினால் போய்ச் சேருகிற இடம் ஒரு பள்ளம். சரிவின் மறுபக்கம் இருந்தது. அதற்குள் இருந்ததற்குப் பெயர் வைக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. ‘அது’ என்றுதான் சொல்வார்கள், அதையும் மெதுவாகத்தான். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. இறங்கி வருகிறவர்களின் குரலை எடுத்துக்கொள்ளும். குட்டியைப் பெற்ற யானை ஒரு மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனதுதான், திரும்பவில்லை. நாரை ஒருத்தி போனாள். சிறகு இருந்ததால் தப்பித்து வந்தாள். மலையிலேயே இனிமையான குரல் அவளுக்கு. வந்து வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அதற்குப் பிறகு எதைச் சொல்வதானாலும் அலகை டக்டக்கென்று தட்டித்தான் சொல்வாள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் தட்டவும் மாட்டாள்.

தாயில்லாத குட்டியை மயில்தான் வளர்த்தாள். குட்டி அவள் தோகைக்கு அடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மொத்த உடம்பும் மறைந்துவிட்டதாக நினைத்துத் தூங்கும்.

“யானையை மயில் வளர்க்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அது வாலை விரிச்சு ஆடப் போகுது, பாத்துக்கிட்டே இருங்க” என்று காளை கேலி செய்வான்.

“ஆடினா முதல்ல உன் மேலதான் வந்து விழும். தள்ளி நில்லு அண்ணே” என்பாள் மயில்.

அந்தப் பிள்ளையிடம் அவள் வைத்த பாசத்தில்தான் ஒரு பிசகு நேர்ந்தது. மேகம் மூடும்போது குட்டியின் குரல் கொஞ்சம் இறங்கி உரசினால், அது அழ ஆரம்பித்துவிடும். அழுகையைப் பொறுக்க மாட்டாமல் மயில் பாறையை விட்டு ஒரு அடி இறங்குவாள். அவள் குரலும் இறங்கும், உரசல் நின்றுவிடும், குட்டியும் அழுகையை நிறுத்திவிடும். வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும்.

குயில் இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“அக்கா, நீ பாறையை விட்டு இறங்குறே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. உன் குரலும் என் குரலும் சேர்ற மாதிரி இந்த மலையில வேற எதுவும் சேராது. நீ நகம் அளவு நகர்ந்தாலும் எனக்கு நெஞ்சுக்குள்ள முள்ளு தைக்குது.”

“தாயில்லாப் பிள்ளை குயிலு. பயந்து அழுதா நான் என்ன செய்ய?”

“அழட்டும். நீ இறங்கினா அது அழுகைய நிறுத்தும், சரி. எங்கே போய் நிக்குதுன்னு யாரு பார்க்கிறது?”

சொந்தக் கூட்டில் ஒரு முட்டையைக்கூட இட்டு வளர்க்காதவளுக்குப் பிள்ளை அருமை என்ன தெரியும் என்று மயில் மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை மாதம், உச்சிப் பொழுது. இலை ஆடவில்லை. திடீரென்று மேகம் பள்ளத்துப் பக்கமிருந்து ஏறி வந்தது. வழக்கமாக அது மேலேயிருந்துதான் இறங்கும். நாரை பறந்து வந்து மயிலின் பாறையில் ஒட்டி நின்றுகொண்டாள். அவள் உடம்பு நடுங்குவது பாறையிலேயே தெரிந்தது.

மயில் குரல் கொடுத்தாள். காளை, ஆடு, அன்றில், குயில், குதிரை என்று பதில்கள் வந்து சேர்ந்தன. குட்டியின் குரல் இறங்கி வந்தது. உரசியது.

“அம்மா, கூசுதும்மா. பயமா இருக்கு.”

மயில் ஒரு அடி இறங்கினாள்.

“இப்ப சரியா இருக்கும்மா” என்றது குட்டி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உரசியது. இன்னும் ஒரு அடி இறங்கினாள். “சரியா இருக்கும்மா” என்றது. குரலில் சந்தோஷம் இருந்தது. ஆனால் அது வந்தது உச்சியிலிருந்து அல்ல. பள்ளத்துப் பக்கமிருந்து.

மயிலுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதுபோல அவளே அல்லவா அடி அடியாகப் பள்ளத்துக்குள் இறக்கியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் இன்னொரு குரல் கேட்டது. தேன் மாதிரிக் குரல். “வாடா கண்ணு. இங்கேதான் வீடு. வா, வா.”

பக்கத்தில் நின்ற நாரையின் அலகு கட்டுப்பாடில்லாமல் தட்டிக்கொண்டது. அது அவளுடைய குரல்.

மயில் விழுந்தடித்துக்கொண்டு பாறை மேல் ஏறினாள். நகத்தைக் கல்லில் ஊன்றினாள். “குயிலு, என்னோட நில்லு” என்று கத்தினாள்.

“நான் எப்பவோ நின்னாச்சு. நீ நில்லு அக்கா” என்றது வேம்பிலிருந்து குரல்.

இருவரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பள்ளத்திலிருந்து குட்டி வீறிட்டது.

“குத்துதும்மா. உன் குரல் என்னைக் குத்துது. கொஞ்சம் என் பக்கம் வாயேன்.”

மயிலின் கால் தானாக எழும்பியது. நாரை தன் காலை அதன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“எம்மேல கோவமாம்மா?”

அவள் பதில் பேசவில்லை. பேசினால் குரல் கலங்கும், கலங்கினால் நகர்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, ‘ஸ’ என்ற அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியே, என் பிள்ளை என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, அதை மேலே ஏற்றிவிடு என்று உள்ளுக்குள் கும்பிட்டாள்.

தேன் குரல் குட்டியோடு இழைந்தது. குட்டி ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் அதுவும் இறங்கியது. “பாத்தியா, நான் உன்னைக் குத்தவே மாட்டேன். நீ எங்கே நின்னாலும் நானும் அங்கேதான். உங்கம்மாவுக்கு உம்மேல பாசமே இல்லடா.”

பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

குட்டியின் குரல் நின்றுவிட்டது. மேகம் மயிலின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ஏதோ ஒன்று மெதுவாக அவளைச் சுற்றி வந்தது, ஈரமான துணி உரசுவதுபோல. அவள் நிறுத்தவில்லை. குயிலும் நிறுத்தவில்லை.

வெகு நேரம் கழித்து, எங்கிருந்தோ ஒரு முனகல் வந்தது. உரசியது. கொஞ்சம் ஏறியது. அப்போதும் உரசியது. இன்னும் ஏறியது. நடுங்கி நடுங்கி, சறுக்கிச் சறுக்கி, கடைசியில் உச்சிக்கு ஓர் எட்டு கீழே வந்து, மயிலின் குரலோடு கலந்து நின்றது. குழந்தை தாய் மடியில் பொத்தென்று விழுகிற மாதிரி இருந்தது மயிலுக்கு.

மேகம் விலகியபோது எல்லோரும் உச்சிக்கு ஓடினார்கள். குட்டி தன் கல்லில் நின்றுகொண்டிருந்தது. ஒரு காது நுனி கிழிந்திருந்தது.

“எப்படிடா கண்டுபிடிச்சே?” என்று காளை கேட்டான். இந்தத் தடவை கேலி இல்லை.

“அது நான் போற இடமெல்லாம் வந்துச்சு மாமா. அம்மா மட்டும்தான் வரல” என்றது குட்டி. “வராம நிக்கிறவங்கதானே வீட்டுல இருக்கணும்.”

மயில் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு மயிலையும் குயிலையும் தவிர மற்ற ஐந்து பேருக்கும் ஒரே கல்லில் படுக்கப் பயம். ‘அது’ தேடி வந்தால் நகர்ந்துகொள்ளலாம் என்று ஆளுக்கு இரண்டு கல் வைத்துக்கொண்டார்கள், கீழே ஒன்று, மேலே ஒன்று.

“எங்கே வேணும்னாலும் நில்லுங்க. நானும் குயிலும் இருக்கிற இடத்துல இருப்போம்” என்றாள் மயில். குட்டி எத்தனை அழுதாலும் அவள் பிறகு பாறையை விட்டு இறங்கவே இல்லை.

அன்றைய நாளிலிருந்துதான் ரி, க, ம, த, நி ஐந்துக்கும் கீழே ஒரு இடம், மேலே ஒரு இடம் என்று இரண்டு வந்தது. அந்த மேகத்தில் பிடித்த நடுக்கம் இன்னும் தீராமல், பாடும்போது அவை அசைந்து அசைந்துதான் வருகின்றன. ‘ஸ’வும் ‘ப’வும் மட்டும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கின்றன. யார் பாட உட்கார்ந்தாலும் முதலில் அந்த இரண்டையும் தம்புராவில் மீட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். ஏனென்றால் அந்தப் பள்ளம் இன்னும் மூடவில்லை. பாடுகிறவர் வழி தவறினால் நமக்கு உடம்பு கூசுகிறது, ஆனால் தம்புரா அவர் பக்கம் ஒரு அடிகூட இறங்காமல், இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.