வாசலில் இருந்து வளைவு வரை

"இந்த பிரேக்கைக் கழட்டிரணும், கோச்."

காரிலிருந்து முழுதாக இறங்குவதற்கு முன்பே நாச்சியப்பன் சொல்லிவிட்டார்.

கோவைக்கு வெளியே, கார்ப் பந்தயத் தடத்தை ஒட்டி, ஜெசிந்தாவுக்கு ஒரு ஷெட் இருந்தது. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர். இப்போது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். நாற்பதுகூட ஆகவில்லை. நாச்சியப்பனுக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பம்பு கம்பெனியை விற்றுவிட்டு, கோத்தகிரியில் வீடு கட்டி, நெடுநாள் ஆசைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர். வாங்கிய பிறகுதான் தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஜெசிந்தாவின் மாணவர்.

ஜெசிந்தா அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் வேலை கொடுப்பார் என்று மற்ற மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

"ஏன் கழட்டணும்?"

"இதை நம்பி ஓட்ட முடியல."

"கார்பன் செராமிக் டிஸ்க்குங்க சார். ஊர்ல பாதிப் பேரு இதுக்கு ஏங்கிட்டு இருக்காங்க."

"தெரியும். எனக்கு ஸ்டீல் டிஸ்க் போட்டுக் குடுங்க."

"ஸ்டீல் கனம்."

"இருக்கட்டும்."

"அழுக்காகும்."

"ஆகட்டும்."

ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன நடந்துச்சு?"

நாச்சியப்பன் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசி மழை. இரவெல்லாம் பெய்து காலையில்தான் விட்டிருந்தது. கார் வாசலிலேயே நனைந்து நின்றிருந்தது. அவர் வீட்டு வாசலில் இருந்து இறங்கும் பாதை ஒரு வளைவு சுற்றி மலைச்சாலைக்குப் போகும். அடுப்படிப் பக்கமிருந்து நேராக அந்த வளைவுக்கே இறங்க ஒரு கல்படி உண்டு. அவர் செல்போனை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மனைவி உமையாள் அதை எடுத்துக்கொண்டு படியில் ஓடிவந்திருக்கிறார். வளைவில் திரும்பியதும் பனிக்குள் உமையாள் நின்றார்.

பெடலை மிதித்தார். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. ஈரமும் குளிருமாய்க் கிடந்த டிஸ்க் ஒரு மூச்சு நேரம் பிடிக்கவே இல்லை. பிறகுதான் பிடித்தது. கார் நின்றபோது அதன் முகப்பு உமையாளின் புடவைக் கொசுவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

உமையாள் ஜன்னல் பக்கமாக வந்தார். "இதை வச்சுட்டுப் போயிட்டீங்க" என்று போனைக் கொடுத்தார். படியேறிப் போய்விட்டார்.

அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு, மருந்து, மின்சாரம் போனது, வந்தது, எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. அவர் கிளம்பும்போது உமையாள் வாசலுக்கு வருவதும் நின்றுபோனது.

ஜெசிந்தா கேட்டு முடித்தார்.

"அந்த வளைவுக்கு என்ன வேகத்துல வந்தீங்க?"

"எப்பவும் வர்ற வேகம்தான்."

"எப்பவும் ஏன் அந்த வேகத்துல வர்றீங்க?"

நாச்சியப்பன் வாயைத் திறந்தார். நல்ல பிரேக் இருக்கிறதே என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா எழுந்தார். "டிஸ்க்குக்குச் சொல்லிடறேன். வந்ததும் கூப்பிடறேன்."

*

டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கிற பேடும் வந்து சேர்ந்தன. கார் லிஃப்டில் ஏறியது.

ஜெசிந்தா ஸ்பேனரை நாச்சியப்பனிடம் நீட்டினார்.

"நானா?"

"நீங்கதான வேண்டாம்னு சொன்னீங்க."

"கம்பெனி நடத்தினேனே தவிர, நான் போல்ட் கழட்டினது இல்ல, கோச்."

"தெரியும்."

எந்தப் போல்ட் என்று ஜெசிந்தா விரலால் காட்டினார். அவர் கழற்றினார். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் தொங்கி பிரேக் குழாயை இழுத்துவிடாமல் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினார். சட்டையெல்லாம் கரி. முதல் டிஸ்க் கையோடு வந்தபோது அவர் கொஞ்சம் தடுமாறினார். அதில் கனமே இல்லை. பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தூக்கிய மாதிரிதான் இருந்தது.

அதைத் தரையில் போடப்போனார். ஜெசிந்தா இரண்டு கையையும் அடியில் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஒரு கம்பளியை விரித்து அதன்மேல் வைத்தார்.

"ஓரம் சில்லு விட்டுரும்."

"எனக்கு இனி எதுக்கு அது?"

"உங்களுக்கு வேண்டாம். ட்ராக்ல ஓட்டறவங்க யாராச்சும் சந்தோசமா வாங்கிக்குவாங்க. சூடு ஏறிட்டா இதுக்கு ஈடு கிடையாது. உங்க வாசல்ல இது தூங்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான்."

நாச்சியப்பன் ஸ்டீல் டிஸ்க்கைத் தூக்கினார். தோள் இறங்கியது. மூச்சு வாங்கியது. நான்கையும் அவரே சுமந்து மாட்டினார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் காலியான தடத்தில் இருவரும் காரில் போனார்கள்.

"நூறுல போங்க. நாப்பதுக்கு வாங்க. நிக்காதீங்க."

செய்தார்.

"மறுபடியும்."

செய்தார். சற்று நேரத்தில் காருக்குள் தீய்ந்த வாடை வந்தது.

"நின்னு பார்த்தா என்ன?"

"புது பேடும் புது டிஸ்க்கும் இப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு பழகுது. இந்தச் சூட்டுல நிறுத்துனா ஒரே எடத்துல ஒட்டிக்கும். அப்புறம் எப்ப மிதிச்சாலும் உதறும்."

நாச்சியப்பன் மறுபடியும் நாற்பதுக்கு வந்தார். பெடலுக்குக் கீழே ஏதோ ஒன்று உடனே பதில் சொல்வதை அவர் கால் முதல்முறையாக உணர்ந்தது. ஊர் திரும்பும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

*

இரண்டு நாள் கழித்துக் காலையிலேயே ஷெட் வாசலில் கார் வந்து நின்றது.

"ஏமாத்திட்டாங்க, கோச். ஒரே ராத்திரி மழைதான். டிஸ்க் பூராவும் துரு. செங்காவிக் கலர்ல இருக்கு. புதுச் சாமான் இப்படியா வரும்?"

ஜெசிந்தா குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார்.

"எங்கீங்க துரு?"

நாச்சியப்பனும் குனிந்தார். டிஸ்க் பளபளவென்று இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

"காலையில இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

"எப்படிப் போச்சு?"

"தெரியல. நான் எதுவும் பண்ணலையே. காரை எடுத்தேன். மலை எறங்கினேன். பிரேக் போட்டுக்கிட்டு…"

நிறுத்தினார்.

ஜெசிந்தா டிஸ்க்கை உரசி நின்ற பேடை விரலால் காட்டினார்.

"நாளைக்குத் திரும்ப வருமா?"

"மழை பெஞ்சா வரும்."

"கார்பன்ல ஒரு நாளும் வந்ததில்ல."

"வராதுங்க. நீங்க அதை எப்பவாச்சும் குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

நாச்சியப்பன் மறுபடி குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார்.

"கிளம்பின உடனே வேகம் எடுக்காதீங்க" என்றார் ஜெசிந்தா. "வாசல்ல இருந்து அந்த வளைவு வரைக்கும் நடக்கற வேகத்துல போங்க. பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டே போங்க. துரு போயிரும். அப்புறம் உங்க இஷ்டம்."

"தினமுமா?"

"தினமும்."

*

மறுநாளும் மழை. மறுநாளும் துரு.

அவர் காரை எடுத்து, பெடலை லேசாக அழுத்தியபடி நகர்ந்தார். நான்கு சக்கரத்திலிருந்தும் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

உமையாள் வாசலுக்கு வந்தார். வெகு நாளைக்குப் பிறகு.

"என்ன சத்தம்?"

"துரு. தேயுது."

"புதுசு போட்டதாச் சொன்னீங்க?"

"புதுசுதான். இப்படித்தான் இருக்குமாம்."

கார் நடக்கிற வேகத்தில்தான் போனது. உமையாள் அதன் பக்கத்திலேயே நடந்தார். நாச்சியப்பன் கண்ணாடியை இறக்கினார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கார் வளைவை நெருங்கியது. கல்படி தெரிந்தது.

"உமையா."

"ம்."

"அன்னைக்கு உன்னை இடிச்சிருப்பேன்."

உமையாள் ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நடந்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போயி ஒரு அர்ச்சனை பண்ணினேன்" என்றார்.

"தப்பிச்சதுக்கா?"

"உங்க பேருக்கு."

"என் பேருக்கு எதுக்கு?"

"நிறுத்துனது நீங்கதானே."

நாச்சியப்பனின் கால் பெடலிலேயே இருந்தது. இத்தனை நாளும் அவர் அதை மனைவியை இடிக்கப்போன நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதே நாளுக்கு அதே வீட்டில், அடுத்த அறையில், வேறு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

"அப்புறம் ஏன் இத்தனை நாளும் நீ வாசலுக்கு வரல?"

"போனைக் குடுக்கும்போது நீங்க என் முகத்தையே பார்க்கல. என்னைப் பார்த்தா மறுபடி அந்த ஞாபகம் வருமேன்னு உள்ளயே இருந்துக்கிட்டேன்."

வளைவு வந்துவிட்டது. சத்தம் நின்றிருந்தது. கார் உமையாளின் கைக்குக் கீழே நின்றது. நாச்சியப்பன் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார்.

"மதியத்துக்கு என்ன வேணும்?" என்று உமையாள் கேட்டார்.

"நீ என்ன வச்சாலும் சரி."

*

மழைக்காலம் போய், மாசி வெயில் வந்தபோது, நாச்சியப்பன் பிரேக்கைப் பார்த்துத் தரச்சொல்லி ஷெட்டுக்கு வந்தார். இந்த முறை உமையாளும் கூட வந்திருந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய அதிரசம்.

"கோச், கேள்வி ஒண்ணும் இல்ல" என்றார் நாச்சியப்பன். "நன்றி சொல்லலாம்னுதான் வந்தேன்."

"போல்ட்டைக் கழட்டினது நீங்க. எனக்கு எதுக்கு?"

ஜெசிந்தா சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைத் தடவிப் பார்த்தார். பேடின் தடிமனைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"மலையில இப்ப மழை இல்லீங்களே?"

"ஒரு மாசமா ஒரு பொட்டு இல்ல."

"அப்பத் துரு வந்திருக்காது."

"வரல."

"காலையில அழுத்தறதை நிறுத்தியிருக்கலாமே. பேடு இன்னும் தினமும் தேஞ்சுட்டு இருக்கற மாதிரி இருக்கு."

"நிறுத்தல, கோச்."

"துரு இல்லாம எதுக்குங்க வளைவு வரைக்கும் நடக்கற வேகத்துல போறீங்க?"

நாச்சியப்பன் உமையாளைப் பார்த்தார்.

உமையாள் தூக்கின் மூடியைத் திறந்து ஜெசிந்தாவின் பக்கம் நகர்த்தினார்.

"அப்பத்தான் நாங்க பேசிக்கிறோம்."